பெயர்ப் பொருத்தம்

கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணி.
நாடுகாணியில் மரம் விழுந்து
காலையிலிருந்து கரண்ட் இல்லை.
கூடலூரில் ஜூலை என்றால் இப்படித்தான்
என்று எழுத விண்ணப்பத்தில் பெட்டி இல்லை.

இடர்ப்பாடுகள் என்றொரு பெட்டி உண்டு,
இருநூறு சொற்களுக்குள்.
'தரவுகளிடையே ஒவ்வாமை' என்று
போன வாரமே நிரப்பிவிட்டேன்.
ஆங்கிலத்தில் அது கௌரவமாக இருந்தது.

விஷயம் இவ்வளவுதான்:
எங்கள் ஆஸ்பத்திரியில்
முப்பத்தொரு வருடப் பேரேடுகள்.
அரிவாள் செல் நோயில்
எலும்பெல்லாம் வலித்து
ராத்திரி ஜீப்பில் வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள்.
அம்பலக்கொல்லிக்காரி ஒருத்தியை
தமிழ் நர்ஸ் வெள்ளச்சி என்று எழுதினார்.
வயநாட்டு நர்ஸ் வெளச்சி.
குண்டல்பேட்டை டாக்டர் பெள்ளச்சி.
வயது மூன்று இடத்திலும் முப்பது,
ஏழேழு வருட இடைவெளியில்.

கணினிக்கு அவள் மூன்று பேர்.
அந்த மூன்று பேரில் ஒருத்திக்குத்தான்
ரத்த வகை தெரியும்.

ஆகவே கேட்கிறேன்
இருபத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
வகரம் பகரமாகும், ளகரம் லகரத்தில் கரையும்
என்பதையெல்லாம் அறிந்து
பெயரோடு பெயரைச் சேர்க்கும் ஒரு நிரலுக்கு.
கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம்.
எனக்கு நாலு போதும்:
பெயர், ஊர், புருஷன் பெயர்,
கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி.
எண்பத்தைந்துக்கு மேல் வந்தால் ஒரே ஆள்.

சர்வர் ஒன்று. இளநிலை ஆய்வாளர் ஒருவர்.
சோமிக்கு எந்தத் தலைப்பில் சம்பளம் போடுவது?
கள உதவியாளர் என்றால் பட்டம் வேண்டும்.
அவள் எட்டாவது.
தற்செயல் செலவில் வைத்தேன்:
பேப்பர், தபால், சோமி.

சோதனை ஓட்டத்தில்
தொண்ணூற்றொன்று வாங்கிய ஜோடியை
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இது அக்கா, இது தங்கச்சி.
மூத்தவ செத்தப்புறம்
அவ பேரையே இவளுக்கு வச்சாங்க.
அவ பி. இவ ஓ."
சொல்லிவிட்டு
போனுக்குச் சார்ஜ் கிடைக்குமா என்று பார்க்க
ஜெனரேட்டர் ரூமுக்குப் போய்விட்டாள்.

புதுமை என்ற பெட்டியில் இதை எழுதினேன்.
அழித்தேன்.
முறையியலில் சேர்த்தேன்:
'நிபுணர் சரிபார்ப்பு.'
ஏழாம் பக்கத்தில் நிபுணர்,
பதினொன்றாம் பக்கத்தில் தபால்தலைக்குப் பக்கத்தில்.

நாலரைக்கு
கேரளா டவர் ஒன்று கிடைத்தது.
அனுப்பு என்றதைத் தொட்டேன்.
சிவப்பு எழுத்து:
விண்ணப்பதாரர் பெயர் பொருந்தவில்லை.

ஆதாரில் நான் யசோதா போ.
பான் கார்டில் யசோதா போஜன், நடுவில் எச்.
பட்டத்தில் போஜன் யசோதா, எச் இல்லாமல்.
அப்பா தன் பெயரை எழுதியதெல்லாம்
தேயிலை ஃபேக்டரியின் பச்சை இலைச் சீட்டில்.
அங்கே கிலோதான் கணக்கு,
எச்சை யாரும் கேட்கவில்லை.

உதவி மையத்தில் வயலின் வாசித்தார்கள்.
காத்திருந்த நேரத்தில், சும்மா,
என் மூன்று பெயர்களையும்
என் நிரலிடமே கொடுத்தேன்.
எழுபத்தொன்பது.
நான் ஒரே ஆள் இல்லை.

ஒரு எண்ணை மாற்றினால் போதும்.
எழுபத்தைந்து என்று தட்ட
விரல் போனது.
ஒரே பெயரில் இரண்டு பெண்கள்
பி, ஓ என்று நின்றார்கள்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

எச்சைச் சேர்த்தேன். எடுத்தேன்.
முன்னதைப் பின்னால் போட்டேன்.
நாலு ஐம்பத்தாறுக்குச் சக்கரம் சுற்றத் தொடங்கியது.
பாட்டரி நாலு சதவீதம்.

வாசலில் ஜீப் வந்து நிற்கிறது.
யாரோ பெயர் கேட்கிறார்கள்,
யாரோ சொல்கிறார்கள்.
தகரத்தில் மழை.
"என்ன?" என்கிறார் புது நர்ஸ்,
பேனாவை உதறிக்கொண்டு.